வெள்ளியின் சிறுவட்டம்

பேரண்டம் எப்படித் தோன்றியது என்று பிள்ளைகளுக்காக ஒரு சிறு புத்தகம் எழுதினேன். அது அச்சாகி வெளிவந்துவிட்டது. அட்டையில் என் பெயர் இருக்கிறது. யாராவது அதைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வாயெடுத்தால் நான் வேறு பேச்சுக்கு மாறிவிடுவேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கம் இல்லை. அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

கண்டிக்கு மேலே பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் விஞ்ஞான ஆசிரியை. பிறந்து வளர்ந்ததும் அதே மலையில்தான். இப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காலையில் பஸ்ஸில் மேலே ஏறிப் போவேன், பின்னேரம் இறங்கி வருவேன். பல வருடங்கள் இப்படியே போய்விட்டன.

எங்கள் பாடசாலை நூலக அலுமாரியில் பேரண்டம் பற்றி ஒரேயொரு புத்தகம் இருந்தது. அது சிங்களத்தில் இருந்தது. படங்கள் அழகானவை. பிள்ளைகள் படத்தைப் பார்ப்பார்கள், கீழே எழுதியிருப்பதை நான் தமிழாக்கிக் கரும்பலகையில் எழுதுவேன். ஒரு நாள் தரம் ஒன்பது வகுப்பில் முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், இதையெல்லாம் தமிழ்ல யாரும் யோசிச்சதில்லையா?" என்று கேட்டாள்.

"யோசிச்சிருக்காங்க" என்றேன்.

"அப்ப ஏன் புத்தகம் இல்ல?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை கண்டி டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடந்தகால வினாத்தாள்கள் இருந்தன, விடைகள் இருந்தன, மாதிரிப் பரீட்சைகள் இருந்தன. ஒரு பிள்ளை பரீட்சைக்காக அல்லாமல் சும்மா எடுத்து வாசிக்கத் தமிழில் ஒன்றும் அகப்படவில்லை. வாவிக் கரையில் ஒரு சீமெந்து இருக்கையில் உட்கார்ந்து, நானே எழுதினால் என்ன என்று நினைத்தேன். வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டுத் தொடங்கிய காரியம் அது ஒன்றுதான்.

எழுதி முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பழைய காலத்து மனிதர்கள் தவறாக நினைத்தவற்றைக் கேலியாகச் சொல்லக் கூடாது. பன்வில பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கும் பிள்ளைக்குத் தேயிலை மலைதான் பின்னால் ஓடுவதுபோலத் தெரியும். அது முட்டாள்தனமா? பூமி நடுவில் அசையாமல் இருக்கிறது, வானம் சுற்றுகிறது என்று சொன்னவர்களும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். அவர்கள் எங்கே சரியாகப் பார்த்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்று காட்டினால், யோசிப்பது என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புரியும் என்று நம்பினேன்.

படங்கள் இல்லாமல் அதைக் காட்ட முடியாது. எனக்கு ஒரு வட்டம்கூட ஒழுங்காக வராது. எங்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குப் பதாகை அச்சடித்துத் தந்தவர் அக்குறணையில் இருந்தார். கண்டி மாத்தளை வீதியோரம் கடை. பின்பக்கம் ஓயா என்கிற சிற்றாறு ஓடும். முன்னறையில் பதாகை அச்சடிக்கும் மெஷின், உள்ளறையில் ஒரு மேசை. கடை வேலை இல்லாத நேரத்தில் அவர் அந்த மேசையில் இருந்து கையால் படம் வரைவார். யாருக்கும் விற்பதற்கு அல்ல. பதாகை எடுக்கப் போன அன்று மேசையில் ஒரு மீன்கொத்தியின் படம் கிடந்தது. ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்த ஞாபகத்தில்தான் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன்.

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இங்கே முஸ்லிம்கள் அண்ணனையும் அக்காவையும் அழைப்பதுபோல நான் அவரை நானா என்றும் அவர் மனைவியை ராத்தா என்றும் கூப்பிடுவேன், அவர் என்னை டீச்சர் என்பார். இரண்டு கிழமை கழித்துப் போனபோது பிரதி முழுவதையும் வாசித்து முடித்திருந்தார். சில பக்கங்களில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தார்.

"டீச்சர், இது முதல்லயே படிச்சி ஈந்தா நான் வேற மனிசனா ஆகி ஈப்பேன்" என்று அக்குறணைப் பேச்சில் இருப்பேனை ஈப்பேனாக்கிச் சொன்னார். "செல்லுங்க, எத்தன படம் வேணும்?"

ஐந்து படங்கள் என்று முடிவு செய்தோம்.

முதலாவது, புராணங்களில் வரும் உலகம். நடுவில் மேரு மலை, அதைச் சுற்றி நாவலந்தீவு, தீவைச் சுற்றிக் கடல், கடலைச் சுற்றித் தீவு என்று ஏழு கடல்கள். உப்புநீர், கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர். இதைச் சொன்னதும் அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"தயிர்க் கடல் ஈக்குது. பக்கத்துல பாணிக் கடல் இல்லையா?"

"இல்லீங்க நானா. கருப்பஞ்சாறுதான் இருக்கு."

"அப்ப இத எழுதினவர் இந்தப் பக்கம் வரல்ல" என்று சொல்லிச் சிரித்தார். எங்கள் ஊரில் கித்துள் பாணி ஊற்றாமல் யாரும் தயிர் சாப்பிடுவதில்லை. தயிர்க் கடலைச் சட்டித் தயிரின் மேலாடைபோல லேசான மஞ்சளில் தீட்டினார். பிறகு பல நாட்கள் அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும்.

இரண்டாவது படம் கிரேக்கர்களின் வானம். நடுவில் பூமி. அதைச் சுற்றிச் சந்திரன், புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி. கடைசியில் நட்சத்திரங்கள் பதித்த ஓடு. கோள்கள் சில காலம் பின்னோக்கி நகர்வதுபோலத் தெரிவதால், ஒவ்வொரு கோளும் ஒரு சிறுவட்டத்தில் சுற்றுகிறது, அந்தச் சிறுவட்டம் பூமியைச் சுற்றும் பெருவட்டத்தின் மேல் ஊர்கிறது என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கைப் பாக்தாத் பக்கத்து முஸ்லிம் அறிஞர்கள் சோதித்துப் பார்த்து, இதில் ஏதோ பொருந்தவில்லை என்று எழுதிவைத்தார்கள். அவர்களுக்காக மூன்றாவது படம். அதில் ஒரு வானோக்கு நிலையத்தின் முற்றமும், தலைப்பாகை கட்டிய நான்கு பேரும், சுவர் உயரத்துக்கு ஒரு கோணமானியும் இருந்தன. அந்தப் படத்துக்குத்தான் அவர் அதிக நாள் எடுத்துக்கொண்டார். தன் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றார். நான்காவது, சூரியன் நடுவே வந்த படம்.

ஐந்தாவதுதான் எங்களைப் படாதபாடு படுத்தியது. பேரண்டத்தின் தொடக்கம். அவர் முதலில் கறுப்புத் தாளின் நடுவில் ஒரு வெள்ளைப் பொறியை வரைந்து வைத்திருந்தார்.

"இப்படி இல்ல நானா" என்றேன். "சுத்தி வெற்றிடம் இருந்து, அதுக்கு நடுவுல ஒன்னு வெடிக்கல. எல்லா இடமும் ஒரே நேரத்துல சூடா, நெருக்கமா இருந்திச்சு. அந்த இடமே விரிய ஆரம்பிச்சிருச்சு. வெளிய ஒன்னும் கிடையாது."

"வெளிய ஒண்டும் இல்லாட்டி, நான் எங்க நிண்டு பாத்து வரைய?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க அதையே யோசித்தேன். வெளியே நின்று பார்க்க இடமே இல்லாத ஒன்றை நான் இத்தனை வருடமும் வெளியே நின்று பார்ப்பதுபோலத்தான் கற்பனை செய்து வந்திருக்கிறேன். அடுத்த முறை போனபோது அவர் படத்தை முடித்திருந்தார். தாளில் ஓரம் விடவில்லை. நான்கு பக்கமும் விளிம்புவரை வண்ணம் நிறைந்திருந்தது. செம்மஞ்சளும் வெண்மையும் ஒன்றுக்குள் ஒன்று கொதித்தன. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண் தேடித் தோற்றது. "உள்ளுக்கு நிண்டே வரைஞ்சேன்" என்றார். அந்தப் படத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவருடைய மனைவி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

ஐந்து படங்களையும் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கல்வி அலுவலகத்தில் ஓர் அதிகாரி புத்தகத்தைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். மூன்று கிழமை படங்கள் என் அலுமாரியில் பத்திரமாக இருந்தன. அப்படியே விட்டிருந்தால் இன்றும் இருந்திருக்கும்.

ஒரு பின்னேரம் பஸ்ஸை விட்டு இறங்கிப் பாலத்துப் பக்கம் நடந்து வந்தேன். மேற்கே, இருட்டு விழாத வானத்தில் வெள்ளி தெரிந்தது. வெள்ளி எப்போதும் சூரியனுக்குப் பக்கத்திலேயே இருக்கும். சூரியன் மறைந்த கையோடு மேற்கிலோ, உதிக்குமுன் கிழக்கிலோதான் தெரியும், உச்சிக்கு ஏறி நிற்காது. அதனால் அந்தக் கிரேக்கர்கள், வெள்ளியின் சிறுவட்டத்துக்கு நடுப்புள்ளி எப்போதும் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே ஒரே கோட்டில்தான் இருக்கும் என்று விதித்தார்கள். ஏன் என்று காரணம் சொல்ல அவர்களால் முடியவில்லை. வெள்ளி பூமியை அல்ல, சூரியனைத்தான் சுற்றுகிறது என்பதுதான் காரணம். அந்தக் கோட்டுக்குள்ளேயே உண்மை ஒளிந்திருந்தது. பல நூறு வருடங்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், யாருக்கும் படவில்லை. என் புத்தகத்தின் உயிர்நாடி அந்தப் பகுதிதான்.

அங்கேயே நின்றபடி நானாவின் இரண்டாவது படத்தை நினைத்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். நினைத்தது சரிதான். சூரியனை ஒரு பக்கத்தில் வரைந்து, வெள்ளியின் சிறுவட்டத்தை அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் வைத்திருந்தார். படம் பார்க்கச் சமநிலையாக, அழகாக இருந்தது. ஆனால் பிழை.

அடுத்த நாள் சனிக்கிழமை. ஐந்து படங்களையும் தூக்கிக்கொண்டு அக்குறணைக்குப் போனேன். கடையில் நல்ல வேலை. ஒரு கல்யாணத்துக்கும் ஒரு கடைத் திறப்புக்கும் பதாகைகள் ஓடிக்கொண்டிருந்தன. விஷயத்தைச் சொன்னேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டீச்சர், இத யாரு கவனிக்கப் போற?"

"நான் கவனிச்சேனே."

"பிள்ளைகளுக்கு இது வெளங்குமா?"

"ஒரு பிள்ளைக்கு விளங்கினாப் போதும் நானா. அதுக்குத்தான் இந்தப் புத்தகமே."

அவர் படத்தை மேசையில் வைத்தார். பிறகு, "சரி, திரும்ப வரையிறேன். இந்த ஒண்ட மட்டும் வெச்சிட்டு மத்ததக் கொண்டு போங்க" என்றார்.

"இல்ல, எல்லாம் இங்கேயே இருக்கட்டும். பக்கத்துல வச்சு வரைஞ்சாத்தான் வண்ணம் ஒன்னுக்கொன்னு பொருந்தும்."

இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். அவர் சொல்லவில்லை. படம் பிழை என்று சொன்னது தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன். மற்ற நான்கையும் விட்டுவிட்டு வந்ததற்கு என்னால் ஒரு நியாயமும் சொல்ல முடியவில்லை.

பத்து நாட்களில் அந்தக் கார்த்திகை மழை வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. இரவும் பகலும் பெய்தது. இரண்டாம் நாள் கரண்ட் போனது, பிறகு போனும் போனது. பாலத்தடியில் மகாவலி ஆறு கபில நிறத்தில், மரங்களையும் கூரைத் தகரங்களையும் உருட்டிக்கொண்டு போனது. பன்வில வீதி பல இடங்களில் சரிந்துவிட்டது என்றார்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்க வழி இல்லை. நான் மேல்மாடியில் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். படங்கள் ஞாபகத்துக்கு வந்தன. மலையில் என் சொந்தங்களும் பிள்ளைகளும் இருக்கும்போது இது எப்படி ஞாபகம் வருகிறது என்று என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் வந்தது.

பஸ் ஓடத் தொடங்கிய முதல் நாளே அக்குறணைக்குப் போனேன். வீதி நெடுக நெஞ்சளவு சேற்றுக்கோடு சுவர்களில் இருந்தது. கடைக்காரர்கள் சாமான்களை வெளியே வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கும் நனைந்த துணி நாற்றம். நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குள் மண்வெட்டியால் சேறு தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

"மன்னிச்சிக்கங்க டீச்சர்" என்றார்.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அவருடைய மனைவிதான் நடந்ததைச் சொன்னார். "மழ தொடங்கின நேரம் மேசையிலதான் ஈந்தாரு. டீச்சர்ட படத்தத்தான் திருத்திக்கிட்டு ஈந்தாரு. ஓயாத் தண்ணி பின்கதவால வந்திச்சி. மெஷினத்தான் முதல்ல தூக்கினம், ரெண்டு பேருமாச் சேந்து. அது சோறு போடுற சாமான் தானே. மேல வெச்சிட்டுப் படத்த எடுக்கப் போனாரு. தண்ணி நெஞ்சு மட்டும் வந்திட்டுது. நான்தான் போக விடல்ல. கையப் புடிச்சிக்கிட்டேன்."

"நல்ல வேலை செஞ்சீங்க ராத்தா" என்றேன்.

"இவருக்கு என்னோட கோவம்."

"கோவம் இல்ல" என்றார் நானா. "ஒண்டு மட்டும் சேத்துக்குள்ள கெடச்சிச்சி டீச்சர். எது எண்டு தெரியல்ல. தாள் கஞ்சி மாதிரி ஆகிட்டுது. டிராக்டர்ல சேத்தோட போட்டுட்டேன்."

திருத்திய படத்தில் வெள்ளியை அவர் வரைந்து முடித்திருந்தாரா என்று எனக்குக் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை.

மேலே மலையில் நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த ஒரு லயம் மண்ணுக்குள் போனது. பாடசாலை தொடங்கியபோது தரம் ஒன்பதில் இரண்டு கதிரைகள் வெறுமையாக இருந்தன. பிள்ளைகள் அவற்றை நகர்த்தவில்லை. நானும் நகர்த்தச் சொல்லவில்லை. புத்தகம் கேட்ட அந்தப் பிள்ளை அதற்கு முந்தின வருடமே எங்கள் பாடசாலையை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். உயிரோடு இருக்கிறாள் என்று மட்டும் அறிந்தேன். ஐந்து படங்களுக்காக அழ எனக்கு எந்தத் தகுதியும் இல்லை என்று அந்த நாட்களில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாசி மாதத்தில் நானா போன் எடுத்தார். திரும்ப வரையத் தொடங்கலாம் என்றார். தாள் வாங்கிக்கொண்டு போனேன். அவர் பென்சிலை எடுத்து ஒரு வட்டம் போட்டார். கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை. இன்னொன்று போட்டார். அதுவும் சேரவில்லை.

"கண்ணுக்குள்ள ஒரு கறுப்பு நூல் ஓடுது டீச்சர். சேறு பட்டதால எண்டு நெனச்சேன்."

அவருக்குப் பல வருடங்களாகச் சீனி வியாதி. வெள்ளத்துக்குப் பிறகு கடையைத் துப்புரவாக்கும் அவசரத்தில் கிளினிக்குக்குப் போகவில்லை, மருந்தும் ஒழுங்காகப் போடவில்லை. அவரும் மனைவியும் கண்டிக்குக் கண் கிளினிக்குக்குப் போன அன்று நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். வாங்கில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். வைத்தியர் நல்ல மாதிரி. பொறுமையாகத்தான் பேசினார். கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, ஒரு கண்ணில் விழித்திரை கழன்று நாளாகிவிட்டது, மற்றக் கண்ணில் இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார். நானாவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். வெளியே வந்ததும் மனைவியிடம், "கொஞ்சம் பாக்கலாமாம்" என்று மட்டும் தமிழில் சொன்னார்.

லேசர் வைத்தார்கள். இரண்டு முறை. பலன் இல்லை. அந்த வருட நடுப்பகுதியில் அவருக்கு வெளிச்சம், இருட்டு, ஆள் வருவது, போவது, இவ்வளவுதான் தெரிந்தது. மெஷினை மருமகன் பார்த்துக்கொண்டான். உள்ளறை மேசையில் பசை டப்பாக்களும் பதாகைச் சுருள்களும் ஏறின.

இதற்கிடையில் கல்வி அலுவலக அதிகாரி என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே மாற்றலாகி வந்தவர். என் பிரதியை உண்மையிலேயே வாசித்திருந்தார்.

"ஓம் மிஸ், முழுக்க வாசிச்சனான். நல்லா எழுதியிருக்கிறியள். அச்சடிக்க ஒரு சந்தர்ப்பம் வந்திருக்கு. படங்கள் எங்க?"

நடந்ததைச் சொன்னேன். அவர் உண்மையாகவே வருந்தினார்.

"அச்சகத்தில இப்ப கணினியே படம் கீறித் தருது. நீங்கள் ஒருக்காப் போய்ப் பாருங்கோ. ஆனா இந்த மாதம் முடிய முன்னம் குடுக்க வேணும். பிந்தினா இந்தச் சந்தர்ப்பம் இல்லை. வாற வருசம் நான் இங்க இருப்பனோ தெரியாது."

அச்சகத்தில் கணினிக்கு முன்னால் ஒரு இளம்பெண் இருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் படங்கள் வந்தன. பளபளவென்று, சினிமா விளம்பரம்போல இருந்தன. ஏழு கடல்களும் ஒரே நீலம். பூமியை நடுவில் வைத்த வானத்தில் சந்திரன் இரண்டு இருந்தது, கோள்களை எண்ணினால் பதினொன்று வந்தது. வெள்ளி எது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

"இது பிழை தங்கச்சி" என்றேன்.

"திரும்ப கேட்டுப் பாக்கிறேன் மிஸ்."

திரும்பக் கேட்டாள். சந்திரன் ஒன்றானது, சூரியன் இரண்டானது. மறுபடி கேட்டாள். கோள்கள் ஏழாகின, சிறுவட்டங்கள் காணாமல் போயின. பின்னேரம்வரை இருந்தோம். கடைசியில் ஓரளவுக்குச் சரிபோல ஒன்று வந்தது. அதில் வெள்ளியின் சிறுவட்டம் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அந்தப் பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இது ஓகேயா மிஸ்?" என்று கேட்டாள். வீட்டுக்குப் போக அவளுக்கும் பஸ் பிடிக்க வேண்டும்.

ஐந்தாவது படம் கறுப்புப் பின்னணியில் நடுவே வெடிக்கும் ஒரு வெள்ளைப் பொறி. அதை நான் திருத்தச் சொல்லவேயில்லை.

"ஓகே" என்று சொல்லிப் பிரதியில் கையெழுத்துப் போட்டேன்.

புத்தகம் வந்தது. ஒரு சிறு விழாவும் நடந்தது. அதிபர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அதிகாரி மாற்றலாகி வடக்குக்குப் போய்விட்டார். புத்தகங்கள் சில பாடசாலைகளுக்குப் போயின. மிச்சம் எங்கள் நூலக அலுமாரியில் அடுக்கியிருக்கின்றன. இதுவரை ஒருவரும் பிழை என்று எழுதவில்லை, சொல்லவும் இல்லை. வாசித்தார்களா என்பதும் தெரியாது.

ஒரு நாள் வகுப்பில் மனம் கேட்காமல், அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, "இதுல வெள்ளி இருக்கிற இடம் தப்பு, கொப்பியில இப்படி வரைங்க" என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் புத்தகத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"டீச்சர், புத்தகத்துல இருக்கிற மாதிரி வரைஞ்சா மார்க்ஸ் குறைப்பாங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"குறைக்க மாட்டாங்க" என்றேன். அது உண்மைதான். அந்தப் பகுதியிலிருந்து பரீட்சைக்குக் கேள்வி வருவதேயில்லை. எல்லோரும் புத்தகத்தில் இருப்பதையே வரைந்தார்கள். கலர் பென்சிலால் அழகாகத் தீட்டினார்கள். கொப்பிகளை வாங்கிப் பார்த்துச் சரி போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு அந்த இடத்தை நான் விளக்குவதில்லை.

நானாவுக்கு ஒரு பிரதி கொடுக்கப் போனேன். தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனேன். முன்னறையில் மெஷின் ஓடும் சத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். புத்தகத்தைக் கையில் வைத்தேன். அட்டையைத் தடவினார், உள்ளே விரித்துத் தாளை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"தாள் நல்ல தாள்" என்றார்.

படங்கள் யார் வரைந்தது என்று கேட்கவில்லை. கேட்பார் என்று பஸ்ஸில் வரும்போதே ஒரு பொய்யைத் தயார்செய்து வைத்திருந்தேன். அதற்குத் தேவை வரவில்லை.

"கடைசிப் பாடத்த வாசிங்க டீச்சர். அது மட்டும் எனக்கு ஞாபகம் இல்ல."

வாசித்தேன். விண்வெளி இன்னும் விரிந்துகொண்டே போகிறது. தொலைவில் உள்ளவை மேலும் தொலைவாகின்றன. நட்சத்திரங்கள் தங்களிடம் உள்ளதை எரித்து முடித்து ஒவ்வொன்றாக அணையும். புதிதாக உருவாக வாயு மிஞ்சாது. பிறகு இருளும் குளிரும் மிக நீண்ட காலம் இருக்கும். இவை எல்லாம் நமக்கு வெகு காலத்துக்குப் பிறகு நடப்பவை, ஆகவே பிள்ளைகள் பயப்படத் தேவையில்லை என்று அந்த இடத்தில் எழுதியிருந்தேன். அந்த வரியை வாசிக்கும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் நானா."

"அதுக்குப் பொறகு ஒண்டும் எழுதல்லியா?"

"யாருக்கும் தெரியாது. அதனால எழுதல."

அவர் தலையாட்டினார். அவருடைய நம்பிக்கைப்படி அதற்குப் பிறகு என்ன என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லி என்னைத் தேற்றுவார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். மருமகன் உள்ளேயிருந்து ஏதோ கேட்டான். கறுப்பு மை டப்பா எங்கே என்பதுபோல. நானா முகத்தைத் திருப்பி, இரண்டாம் தட்டில் இடப்பக்கம் பார்க்கச் சொன்னார். அது அங்கே இல்லை என்று அவன் சொன்னான். தான் வைத்த இடத்தில் இப்போது ஒன்றும் இருப்பதில்லை என்று அவர் முணுமுணுத்தார்.

அவருடைய மனைவி புத்தகத்தை வாங்கிப் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்து வைப்பதாகச் சொன்னார். அவர்கள் ஆங்கில மீடியத்தில் படிக்கிறார்கள். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்த ராத்தா, "அடுத்த மாசம் மத்த மகள்ட ஊட்டுக்குப் போறம், புத்தளத்துக்கு. இங்க ஓயாப் பக்கம் இனி ஈக்க ஏலாது" என்றார்.

அவர்கள் போய்விட்டார்கள். போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஒரு முறை எடுத்தேன், யாரும் பேசவில்லை. மறுபடி எடுக்கவில்லை. பாடசாலைக்குப் போகும் என் பஸ் வத்தேகாமம் வழியாகப் போகிறது, அக்குறணைப் பக்கம் போக எனக்கு இப்போது ஒரு காரணமும் இல்லை.